மூடி உடைந்ததா, மெஷின் உடைந்ததா?

கேள்வி: வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. படித்தது முழுக்கத் தமிழ்வழியில். ஆங்கில இலக்கணம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. பிழை பார்க்கும் மென்பொருள்கூட என் வாக்கியங்களுக்குக் கீழே கோடு போடுவதில்லை. ஆனால் என் மேலாளர் நான் எழுதும் 'விச்'சையெல்லாம் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் 'எது?' என்று எழுதி அனுப்புகிறார். போன மாதம் மூன்று மெஷின்கள் அனுப்பினோம். வழியில் ஒன்றின் மேல்மூடி மட்டும் நசுங்கிவிட்டது. "வி வில் ரீப்ளேஸ் தி கவர் ஆஃப் தி மெஷின் விச் வாஸ் டேமேஜ்ட் இன் ட்ரான்சிட்" என்று எழுதினேன். "மெஷினே சேதமாகியிருக்கும்போது மூடியை மாற்றி என்ன பயன்?" என்று பதில் வந்தது. பணத்தையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். மேலாளர் வட்டமிட்ட இன்னும் இரண்டு: "வி சேஞ்ச்ட் தி சப்ளையர், விச் டிலேய்ட் தி ஆர்டர்." "தி ரிப்போர்ட் கேம் எ டே எர்லி, விச் சர்ப்ரைஸ்ட் எவ்ரிஒன்." இலக்கணம் சரியாக இருக்கும் வாக்கியத்தில் அப்படி என்ன தப்பு?

பதில்: மூன்றில் இரண்டு இடத்தில் உங்கள் மேலாளர் சொல்வது சரி. மூன்றாவதில் அவருடைய சிவப்புப் பேனாவுக்குக் கொஞ்சம் வேகம் அதிகம். அதைப் பிறகு சொல்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடறல் பல சமயம் காதுக்குத் தெரிந்துவிடும்.

மென்பொருள் கோடு போடாததில் வியப்பில்லை. உங்கள் வாக்கியத்தில் எந்த விதியும் மீறப்படவில்லை. எழுவாய் இருக்கிறது, வினை இருக்கிறது, ஒருமை பன்மை பொருந்துகிறது. குழப்பம் எங்கே என்றால், ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு சரியான வாக்கியங்கள் குடியிருக்கின்றன. ஒன்றில் மூடி நசுங்கியிருக்கிறது, இன்னொன்றில் மெஷின் நசுங்கியிருக்கிறது. நீங்கள் அந்த மூடியை நேரில் பார்த்தவர் அல்லது பார்த்தவரிடம் கேட்டவர். அதனால் எழுதும்போது இரண்டாவது பொருள் உங்கள் மனதில் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. கடிதத்தைப் பிரித்தவருக்கு அந்தக் காட்சி கிடையாது. அவர் கையில் இருந்தது பதின்மூன்று சொற்கள்தான்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 'விச்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதற்கு முன்னால் வந்த பெயர்ச்சொற்களை ஒவ்வொன்றாக உட்கார வைத்துப் பாருங்கள். "தி மெஷின் வாஸ் டேமேஜ்ட் இன் ட்ரான்சிட்": பொருந்துகிறது. "தி கவர் வாஸ் டேமேஜ்ட் இன் ட்ரான்சிட்": இதுவும் பொருந்துகிறது. இரண்டு பேர் ஒரே நாற்காலிக்குப் போட்டி போட்டால் வாக்கியத்தை மாற்றியாக வேண்டும். ஒருவர்தான் உட்கார முடியும் என்றால் விட்டுவிடலாம். "தி ரூஃப் ஆஃப் தி ஹவுஸ் விச் ஹி பாட் ஃப்ரம் ஹிஸ் அங்கிள்" என்று ஒருவர் எழுதினால், கூரையை மட்டும் மாமாவிடம் விலைக்கு வாங்கினான் என்று யாரும் நினைக்கப் போவதில்லை.

தமிழ்வழியில் படித்த நமக்கு இந்தச் சறுக்கல் ஏன் அடிக்கடி வருகிறது என்று யோசித்திருக்கிறேன். நம் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும். 'மெஷினின் சேதமான மூடி' என்றால் மூடிதான் சேதம். சொல்லை இடம் மாற்றி 'சேதமான மெஷினின் மூடி' என்றால் நம் காது மெஷினைத்தான் எடுத்துக்கொள்கிறது. எச்சம் எந்தப் பெயரை ஒட்டி நிற்கிறதோ அதற்கே உரியது என்று நாம் பழகிவிட்டோம். எது எதைத் தழுவுகிறது என்பதை இடமே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'விச்' பெயருக்குப் பின்னால் வருகிறது. அது வந்து சேர்வதற்குள் 'கவர்', 'மெஷின்' என்று இரண்டு பெயர்கள் கடந்துபோய்விடுகின்றன. 'விச்'சுக்கு ஒருமை பன்மை காட்டும் உருவம் கிடையாது. ஆள் இல்லை, பொருள் என்பதைத் தவிர அது வேறெதையும் காட்டாது.

பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்த வழி இன்னொரு காரணம். 'வந்த பையன்', 'உடைந்த நாற்காலி' என்று எச்சம் வந்தாலே ஆளுக்கு 'ஹூ' போடு, பொருளுக்கு 'விச்' போடு என்று பழக்கிவிட்டார்கள். ஆனால் 'உடைந்த நாற்காலி'க்கு ஆங்கிலத்திலும் 'எ ப்ரோக்கன் சேர்' என்று நேராகவே சொல்லலாமே! உங்கள் வாக்கியத்துக்கும் அதே மருந்துதான். "வி வில் ரீப்ளேஸ் தி டேமேஜ்ட் கவர் ஆஃப் தி மெஷின்." 'விச்' போயே போய்விட்டது. 'டேமேஜ்ட்' என்ற சொல் மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சொற்களும் குறைந்துவிட்டன. 'விச்'சைத் திருத்துவது எப்படி என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அது அங்கே வேண்டுமா என்பதுதான். பாதி இடங்களில் வேண்டியிருக்காது.

'இன் ட்ரான்சிட்' என்பதும் அவசியம், அதை விட முடியாது என்றால், "தி மெஷின் கவர், விச் வாஸ் டேமேஜ்ட் இன் ட்ரான்சிட், வில் பி ரீப்ளேஸ்ட்" என்று எழுதலாம். கவனித்தீர்களா? 'தி கவர் ஆஃப் தி மெஷின்' என்பது 'தி மெஷின் கவர்' ஆனதும் கடைசியில் நிற்பது 'கவர்'. 'விச்' தடவிப் பிடிப்பதற்கு அதுதான் பக்கத்தில் இருக்கிறது. நம் 'மெஷினின் மூடி' என்ற வரிசையும் இதேதான். 'ஆஃப்' போட்டுத் தலைகீழாக்கும்போதுதான் நமக்கு வழி தவறுகிறது. தமிழ் வரிசையிலேயே போனால் பல நேரம் ஆங்கிலமும் தெளிவாகிவிடும்.

ஆட்களைப் பற்றி எழுதும்போது இந்த யுக்தி இன்னும் கைகொடுக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே வாங்கிக் கட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. ஓர் அலுவலகச் சுற்றறிக்கையில் "தி செக்ரட்டரி ஆஃப் தி டைரக்டர் ஹூ இஸ் ரிடையரிங் நெக்ஸ்ட் மன்த்" என்று எழுதிவிட்டேன். ஓய்வு பெறப் போனது செயலாளர் அம்மா. அன்று மாலைக்குள் இயக்குநருக்கு வாழ்த்தும் வருத்தமுமாக ஏழெட்டு போன். அவருக்கு இன்னும் பல வருடம் பணி இருந்தது. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "என்னை எப்போது அனுப்புவதாக முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. "தி டைரக்டர்'ஸ் செக்ரட்டரி, ஹூ இஸ் ரிடையரிங் நெக்ஸ்ட் மன்த்" என்று எழுதியிருந்தால் பிழைத்திருப்பேன். இரண்டு பேரும் ஆட்கள் என்பதால் 'ஹூ' என்ற சொல்லால் அங்கே எந்த உதவியும் கிடையாது. ஒன்று ஆளாகவும் ஒன்று பொருளாகவும் இருந்தால் 'ஹூ'வும் 'விச்'சுமே பிரித்துக்காட்டிவிடும்: 'தி செக்ரட்டரி ஆஃப் தி கமிட்டி ஹூ' என்றால் ஆள், 'விச்' என்றால் குழு.

"பக்கத்தில் இருக்கும் பெயரைத்தானே வாசகர் எடுத்துக்கொள்வார், அந்த ஒரு விதியை நம்பி எழுதினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். போதாது. 1988இல் ஃபெர்னாண்டோ க்வேதோஸ், டான் மிட்செல் என்ற இரு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட வாக்கியங்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். "சம்ஒன் ஷாட் தி சர்வன்ட் ஆஃப் தி ஆக்ட்ரஸ் ஹூ வாஸ் ஆன் தி பால்கனி." மாடி முகப்பில் நின்றது யார், பணியாளா, நடிகையா? ஆங்கிலம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் நடிகையை நோக்கிச் சாய்ந்தார்கள். அதே வாக்கியத்தை ஸ்பானிஷில் படித்தவர்கள் பணியாளை நோக்கிச் சாய்ந்தார்கள். உங்கள் கடிதத்தைப் படிக்கிற வெளிநாட்டு வாடிக்கையாளரின் தாய்மொழி எது என்று உங்களுக்கு எப்போதும் தெரியுமா? ஆங்கிலத்தில் எழுதுகிறோம் என்பதற்காகப் படிக்கிறவரும் ஆங்கிலக்காரரைப் போலவே படிப்பார் என்று எண்ணக் கூடாது.

ஆங்கிலக்காரர்களுக்குள்ளேயே இது வழக்காடும் விஷயம். விளையாட்டாகச் சொல்லவில்லை, 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை ஒரு 'விச்' போயிருக்கிறது. லிஃப்ட் இயக்கும் வேலை பார்த்த ஒரு பெண்மணி. அந்த வேலை ஒழிக்கப்பட்டது. உடல்நலக் குறைவைக் காட்டி அரசின் உதவித்தொகை கேட்டார். பழைய வேலையை இப்போதும் செய்யக்கூடிய நிலையில்தான் இருக்கிறார் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். "லிஃப்ட் இயக்கும் வேலையே நாட்டில் அருகிப்போய்விட்டதே, இல்லாத வேலையை நான் எப்படிச் செய்வது?" என்பது அவர் வாதம். சட்டத்தின் வாசகம் என்ன சொல்கிறது? ஒருவர் தன் முந்தைய வேலையைச் செய்ய முடியாதவராகவும், அதோடு "எனி அதர் கைண்ட் ஆஃப் சப்ஸ்டான்ஷியல் கெயின்ஃபுல் வொர்க் விச் எக்ஸிஸ்ட்ஸ் இன் தி நேஷனல் எகானமி" என்பதைச் செய்ய முடியாதவராகவும் இருக்க வேண்டும். நாட்டில் இருக்கும் வேலை என்ற அந்த 'விச்' துணுக்கு, கடைசியில் சொன்ன வேறு வேலைக்கு மட்டும்தானா, முன்னால் சொன்ன பழைய வேலைக்கும் சேர்த்தா? மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பெண்மணியின் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் திருப்பிவிட்டது. கடைசியாகச் சொன்னதற்கு மட்டும்தான் என்பது தீர்ப்பு.

தீர்ப்பை எழுதிய நீதிபதி அந்தோணின் ஸ்கலியா அதில் ஓர் உதாரணம் சொல்கிறார். வார இறுதிக்கு வெளியூர் போகும் பெற்றோர் பதின்ம வயது மகனிடம், "பார்ட்டி வைத்தாலோ, வீட்டைச் சேதப்படுத்தும் வேறு எந்தக் காரியம் செய்தாலோ தண்டனை உண்டு" என்கிறார்கள். அவன் பார்ட்டி வைத்து மாட்டிக்கொண்டு, "வீட்டுக்கு ஒரு சேதமும் இல்லையே" என்று தப்பிக்கப் பார்த்தால் விடுவார்களா? அழகான உதாரணம்தான். ஆனால் ஒரு தேசத்தின் மிக உயர்ந்த நீதிபதிகள் கூடிப் பொருள் சொல்ல வேண்டிய வாக்கியத்தை உங்கள் வாடிக்கையாளர் காலை அவசரத்தில் ஒரே தடவையில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சரி, உங்கள் இரண்டாவது வாக்கியம். "வி சேஞ்ச்ட் தி சப்ளையர், விச் டிலேய்ட் தி ஆர்டர்." இங்கே போட்டி இரண்டு பெயர்களுக்கு நடுவில் இல்லை. ஒரு பெயருக்கும் முழு வாக்கியத்துக்கும் நடுவில். சப்ளையரை மாற்றிய செயல் ஆர்டரைத் தாமதமாக்கியதா? அல்லது ஏற்கெனவே தாமதம் செய்த சப்ளையரை மாற்றிவிட்டீர்களா? முதலாவது என்றால் குற்றம் உங்கள் மேல், இரண்டாவது என்றால் அவர்மேல். ஒரே வரியில் குற்றவாளி மாறிவிடுகிறார். ஆளும் நிறுவனமுமாகக் குழம்பும் 'சப்ளையர்' போன்ற சொல்லுக்கு 'விச்' போடுவது ஆங்கிலத்தில் சகஜம் என்பதால் அந்தச் சொல்லும் துப்புக் கொடுக்காது.

மாற்றியதால் தாமதம் என்றால், "சேஞ்சிங் தி சப்ளையர் டிலேய்ட் தி ஆர்டர்" என்று செயலையே எழுவாயாக்குங்கள். அல்லது, "வி சேஞ்ச்ட் தி சப்ளையர், எ டெசிஷன் தட் டிலேய்ட் தி ஆர்டர்" என்று நடுவில் ஒரு பெயரைக் கொண்டுவாருங்கள். 'எ டெசிஷன்', 'எ மூவ்', 'எ சேஞ்ச்' என்று முன்னால் சொன்னதைப் பெயரிட்டு அழைத்துவிட்டால் அடுத்து வரும் 'தட்'டுக்கு ஒட்ட ஓர் இடம் கிடைத்துவிடும். அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான பழக்கம் எனக்குத் தெரிந்து குறைவு. சப்ளையர்தான் தாமதம் செய்தார் என்றால், "தி ஓல்ட் சப்ளையர் டிலேய்ட் தி ஆர்டர், ஸோ வி சேஞ்ச்ட் ஹிம்" என்று நடந்த வரிசையில் எழுதிவிட்டால் போதும்.

மூன்றாவது: "தி ரிப்போர்ட் கேம் எ டே எர்லி, விச் சர்ப்ரைஸ்ட் எவ்ரிஒன்." இதை நான் தொடமாட்டேன். ஒரு நாள் முன்னதாக வந்ததுதான் வியப்பு என்பது படிக்கிற எவருக்கும் புரியும். முழு வாக்கியத்தையும் சுட்டும் 'விச்' தப்பு என்று சில பழைய ஆசிரியர்கள் சொல்வதுண்டு. நல்ல ஆங்கிலம் எழுதுகிறவர்கள் எல்லாரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். 'ரிப்போர்ட்'டில் எழுதியிருந்த விஷயமே அதிர்ச்சி தரும்படி இருந்திருந்தால் மட்டும் மேலாளரின் வட்டத்துக்கு அர்த்தம் உண்டு. அவரிடம் வாதாடப் போகும் முன் அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழில் யோசித்து எழுதுகிறவர்கள் அடுத்துத் தடுக்கி விழும் இடம் இதுதான். 'நாங்கள் விவாதித்த கூட்டம்' என்பதை "தி மீட்டிங் விச் வி டிஸ்கஸ்ட்" என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதன் பொருள், கூட்டத்தைப் பற்றியே விவாதித்தோம் என்பது! நீங்கள் சொல்ல வந்தது கூட்டத்தில் வைத்து எதையோ விவாதித்தது. "தி மீட்டிங் அட் விச் வி டிஸ்கஸ்ட் தி ப்ரைஸ்" என்று 'அட்' வேண்டும், எதை விவாதித்தீர்கள் என்பதும் வேண்டும். நம் பெயரெச்சம் இந்த விஷயத்தில் தாராளம். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று ஆறில் எந்தப் பெயரையும் அது கொண்டு முடியும் என்று நன்னூல் சொல்கிறது. 'எழுதிய பையன்', 'எழுதிய பேனா', 'எழுதிய அறை', 'எழுதிய நாள்', 'எழுதிய கடிதம்' எல்லாவற்றுக்கும் 'எழுதிய' ஒன்றேதான். பேனா எழுதியதா, பேனாவால் எழுதினோமா என்று நாம் நின்று யோசிப்பதில்லை. ஆங்கிலம் அந்த உறவை வெளிப்படையாகக் கேட்கும்: 'வித் விச்', 'இன் விச்', 'ஆன் விச்'. ஆகவே 'விச்' எழுதியதும் 'எது?' என்று ஒரு கேள்வி, 'எதால், எதில்?' என்று இன்னொரு கேள்வி.

கமாவைப் பற்றிச் சுருக்கமாக. "தி மெஷின்ஸ் விச் ஆர் ஓல்ட் வில் பி சோல்ட்" என்று கமா இல்லாமல் எழுதினால், பழையவற்றை மட்டும் விற்பீர்கள். 'விச் ஆர் ஓல்ட்' என்பதற்கு இரு பக்கமும் கமா போட்டால், எல்லாமே பழசு, எல்லாவற்றையும் விற்பீர்கள். தமிழில் 'மட்டும்' செய்யும் வேலையை அங்கே கமா இல்லாமை செய்கிறது. முதல் வகைக்கு 'தட்', இரண்டாவதற்கு 'விச்' என்று பிரித்துக்கொண்டால் நல்லது என்று ஆங்கில வழக்குகளுக்கு அகராதி எழுதிய ஹென்றி ஃபௌலர் 1926இல் யோசனை சொன்னார். அமெரிக்கப் பதிப்பாளர்கள் பலர் அதை விதியாகவே வைத்திருக்கிறார்கள், பிரிட்டனில் அவ்வளவு கண்டிப்பில்லை. பின்பற்றினால் நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் மூடி-மெஷின் குழப்பத்தைக் கமா தீர்க்காது. 'மெஷின்' என்ற சொல்லுக்குப் பின் கமா போட்டாலும் எது நசுங்கியது என்ற கேள்வி அப்படியே நிற்கும். குழப்பம் என்றதும் ஒரு கமாவைத் தூவிவிட்டுப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

'வாஸ்', 'வேர்' வித்தியாசத்தை நம்பியும் இருக்காதீர்கள். "தி லிஸ்ட் ஆஃப் ஐட்டம்ஸ் விச் வேர் அப்ரூவ்ட்" என்றால் பொருட்கள்தான் ஒப்புதல் பெற்றன, பட்டியல் அல்ல என்பது இலக்கணப்படி தெளிவு. ஆனால் படிக்கிறவர் அதைக் கைப்பிழை என்று நினைத்துக் கடந்துவிடலாம். 'விச்' பயத்தில் 'தி சேம்' என்று எழுதித் தப்பிப்பதும் வேண்டாம். "வி ஹேவ் செக்ட் தி கவர் ஆஃப் தி மெஷின் அண்ட் தி சேம் வில் பி ரீப்ளேஸ்ட்" என்று ஒரு கடிதம் போன வாரம்கூட என் மேசைக்கு வந்தது. எந்த சேம்?

இப்போது நிறுத்தி வைத்த பணம். விளக்கக் கடிதத்தில் பழைய வாக்கியத்துக்குப் பொழிப்புரை எழுதிக்கொண்டிருக்காதீர்கள். இப்படிப் போதும்: "ஆல் த்ரீ மெஷின்ஸ் ஆர் இன் குட் வொர்க்கிங் ஆர்டர். தி கவர் ஆஃப் ஒன் மெஷின் வாஸ் டென்ட்டட் இன் ட்ரான்சிட். வி வில் ரீப்ளேஸ் தட் கவர் அட் அவர் காஸ்ட்." மூன்று வாக்கியம், 'விச்' ஒன்றுகூட இல்லை. மெஷின்கள் நன்றாக இருக்கின்றன என்பது முதலில் வர வேண்டும், அவர்களுக்குப் பயம் அதில்தான். எந்த மெஷின் என்று தெரியும்படி இரண்டாவது வாக்கியத்தில் அதன் வரிசை எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.